பரம்பரை இதய நோய்: ஒருவரின் ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் எல்லோரையும் பரிசோதிப்பது எப்படி

“இது பரம்பரையா வர்றது, வீட்ல மத்தவங்களையும் ஒரு தடவை பார்த்துக்கச் சொல்லுங்க.” எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது டாக்டர் சொல்கிற இந்த ஒரு வரி பெரும்பாலான குடும்பங்களில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதே இல்லை. நோயாளி மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிடுவார், கூடப் பிறந்தவர்கள் “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று இருந்துவிடுவார்கள். இந்த வகை நோய்களில் நல்லாத்தான் இருக்கேன் என்பதை நம்பி உட்கார முடியாது. முதல் அறிகுறியே ஓடும்போது மயங்கி விழுவதாக இருக்கலாம், சிலருக்கு அதுவே கடைசியாகவும் இருந்துவிடலாம். அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு என்ன செய்வது, எந்த டாக்டரிடம் போவது, என்ன கேட்பது என்று எங்கள் வீட்டில் என் மாமாவுக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து அலைந்து கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். மருந்து மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் வேலை, அதை இதில் தேடாதீர்கள்.

முதலில் எந்த நோய்களைச் சொல்கிறேன் என்று சுருக்கமாக. இதயத் தசை தடித்துப்போகிற ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதிதான் இவற்றில் அதிகம் பார்ப்பது, சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தசை பலவீனமாகி இதயம் பெருத்துப்போவதும் குடும்பங்களில் ஓடும். தசை நன்றாக இருந்து, மின் ஓட்டத்தில் மட்டும் கோளாறு இருக்கிற லாங் க்யூடி, ப்ருகாடா, சிபிவிடி போன்றவை தனி வகை. இவற்றில் எக்கோ முழுக்க நார்மலாக வரும், அதனால் எக்கோ நார்மல் என்றதும் கிளம்பி வந்துவிடக் கூடாது. மகாதமனி விரிகிற மார்ஃபான், சின்ன வயதிலேயே கொலஸ்ட்ரால் ஏறிவிடுகிற குடும்ப நோய் இரண்டும் இதே பட்டியலில் சேரும். பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வருவதுதான், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையவனுக்கு வராது என்பதோ, ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் வரும் என்பதோ உண்மை இல்லை.

மருத்துவக் குழு எங்கே இருக்கிறது?

லண்டன் மாதிரி ஊர்களில் பரம்பரை இதய நோய்களுக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது; இதய டாக்டர், மரபணு ஆலோசகர், அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸ், எல்லோரும் ஒரே நாளில் பார்ப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அந்தக் குழுவை நாமே சேர்க்க வேண்டியிருக்கும். யார் யார் வேண்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எக்கோ பார்த்துத் தசை நோயைக் கவனிக்கிற கார்டியாலஜிஸ்ட் ஒருவர். துடிப்புக் கோளாறு மட்டும் பார்க்கிற எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் ஒருவர், ஐசிடி (துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்புக்குள் வைக்கிற கருவி) வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்தால் இவரைப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். மரபணு டாக்டர் அல்லது ஆலோசகர். வீட்டில் குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் இதய டாக்டர். இதயத் துறையும் மரபணுத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கிற வேலூர் சிஎம்சி மாதிரி இடம் என்றால் அலைச்சல் குறையும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் வழக்கமாகப் போகிற திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவும் இதய நோய்க்குப் பேர்போன இடம். வீட்டில் மற்றவர்களுக்கு எடுக்க வேண்டிய முதல் இசிஜி, எக்கோவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவே போதும். ஆனால் ரெக்வெஸ்ட் சீட்டில் “குடும்பத்தில் இன்ன நோய் உள்ளது” என்று எழுதி வாங்கிப் போங்கள். அது இல்லாவிட்டால் பார்க்கிறவர் மாரடைப்புக்குப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

இதில் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்வேன். நான்கு டாக்டர்களைப் பார்த்தாலும் முடிவு சொல்கிறவர் ஒருவராக இருக்கட்டும். முதல் சந்திப்பிலேயே “எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு மொத்தமாப் பார்த்துச் சொல்லப் போறது நீங்கதானா டாக்டர்?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்காத குடும்பங்களில் ஒருவர் மாத்திரையைக் கூட்ட, இன்னொருவர் குறைக்க, நடுவில் நோயாளி அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போவதற்கு முன்: குடும்ப மரம்

குழுவுக்கு நீங்கள் கொண்டுபோகிற எதையும் விட மதிப்பானது இதுதான். மூன்று தலைமுறை வேண்டும். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்ந்த கோடு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இருவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு. அத்தை பையன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டியதை மறைக்காதீர்கள், யாரும் திட்டப் போவதில்லை. அது தெரிந்தால்தான் சில அரிய நோய்களைத் தேடவே தோன்றும். உதாரணமாகப் பிறவியிலேயே காது கேளாமையும் லாங் க்யூடியும் சேர்ந்து வருகிற ஒரு நோய் உண்டு, ஜெர்வெல் லாங்கே நீல்சன் என்று பெயர், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான மரபணுப் பிரதி வந்தால்தான் வரும், அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தது என்றால் அன்றைக்கே ஒரு இசிஜி எடுத்துவிட வேண்டும். காது கேட்பதற்கான காக்ளியர் கருவி வைக்கிற அறுவை சிகிச்சைக்குப் போகிற குழந்தைக்கும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

மரம் வரையும்போது “யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருந்துச்சா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லையே” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். ஐம்பது வயதுக்குள் யார் யார் போனார்கள், எப்படிப் போனார்கள்? நீச்சல் தெரிந்தவர் கிணற்றில் மூழ்கினாரா? காலி ரோட்டில், எதிரே வண்டியே இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தவர் உண்டா? ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லையா? வலிப்பு என்று வருடக்கணக்கில் மாத்திரை தின்று, அந்த மாத்திரைக்கு அடங்காத பிள்ளை யாராவது? பிறந்த சில மாதத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை? எங்கள் மரத்தை மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டோம். ஆண்கள் யாருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. சின்ன அத்தைதான், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, “பெரியவரோட ரெண்டாவது பையன் தண்ணி மோட்டார் போடப் போனவன் வாய்க்கால்ல கிடந்தான், காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க” என்றார். அந்த ஒரு பெயருக்காகத்தான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டார். வீட்டில் வயதான பெண்களிடம் உட்காருங்கள், அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்களாக “மாரடைப்பு” என்று திருத்தி எழுதாதீர்கள்.

அப்புறம் காகிதங்கள். பழைய இசிஜி தாள் வெப்பத்தில் அச்சாகிற வகை, சில வருடத்தில் மங்கிவிடும். உடனே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டின் நகல் எப்படியாவது வாங்குங்கள், இதயத்தின் எடை, சுவரின் தடிமன் பற்றி அதில் ஒரு வரி இருந்தாலும் குழுவுக்கு அது பெரிய தடயம்.

பரிசோதனை நாள்

இசிஜி ஐந்து நிமிட வேலை. எக்கோவுக்கு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், குளிர்ந்த ஜெல் தடவி விலா எலும்புகளுக்கு இடையில் கருவியை அழுத்துவார்கள், கொஞ்சம் வலிக்கும். தசை தடித்த நோய் என்று சந்தேகம் இருந்தால் நடுவில் மூச்சைப் பிடித்து முக்கச் சொல்ல வேண்டும். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியைத் தடித்த தசை அடைப்பது சும்மா படுத்திருக்கும்போது தெரியாவிட்டாலும் அப்போது தெரியும். அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்றால் நீங்களே ஞாபகப்படுத்தலாம். பெண்கள் முன்பக்கம் திறக்கிற மாதிரி உடை போட்டுப் போவது சௌகரியம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இடது கீழறைச் சுவரின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். பெரியவர்களுக்கு வேறு காரணம் இல்லாமல் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஹைப்பர்ட்ரோபிக் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவரின் நெருங்கிய ரத்த உறவு என்றால் 13 மி.மீ.யே போதும். இதனால்தான் குடும்ப விவரத்தைச் சீட்டில் எழுதச் சொன்னேன், அந்த வரி இல்லாமல் 13 என்கிற எண் “பார்டர்லைன், பரவாயில்லை” என்று போய்விடும். இது தவிர 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவி, ட்ரெட்மில், சிலருக்கு மருந்து செலுத்தி எடுக்கிற எம்ஆர்ஐ. சிபிவிடி இருக்கிறவர்களுக்குச் சும்மா எடுக்கிற இசிஜி நார்மலாக வந்து, ட்ரெட்மில்லில் ஓடும்போதுதான் கோளாறு வெளியே வரும்.

ஐசிடி பேச்சு வந்தால் பயப்படவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். ஹைப்பர்ட்ரோபிக் நோயில் வயது, சுவரின் தடிமன், இடது மேலறையின் அளவு, அடைப்பின் அழுத்தம், குடும்பத்தில் திடீர் மரணம், ஹோல்டரில் வேகத் துடிப்பு, காரணம் தெரியாத மயக்கம் இவற்றைப் போட்டு 5 வருட ஆபத்தைக் கணக்கிடுகிற ஐரோப்பிய முறை ஒன்று இருக்கிறது. 6 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் வைப்பதைத் தீவிரமாக யோசிப்பார்கள், 4-க்குக் கீழே என்றால் பொதுவாக வைக்கச் சொல்வதில்லை. “எனக்கு அந்தக் கணக்கு எவ்வளவு வருது, அதோட வேற எதைப் பார்த்து முடிவு பண்றீங்க?” என்று கேளுங்கள்.

மரபணு சோதனை: யாருக்கு முதலில்?

நோய் உறுதியானவருக்குத்தான் முதலில். இதை மாற்றிச் செய்தால் பணமும் போகும், பதிலும் கிடைக்காது. நன்றாக இருக்கிற மகளுக்கு முதலில் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால், அவளுக்கு வரவில்லை என்பதா, அல்லது குடும்பத்தின் கோளாறே அந்தச் சோதனையில் பிடிபடாத இடத்தில் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் ரத்தம்தான் எடுப்பார்கள், முடிவு வரப் பல வாரங்கள் ஆகும்.

முடிவு மூன்று விதமாக வரலாம். நோய்க்குக் காரணமான மாற்றம் கிடைத்தது என்றால் நல்லது. மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தால் போதும், செலவும் குறைவு, அது இல்லை என்று வந்தவர் வருடா வருடம் எக்கோவுக்கு அலைய வேண்டியதில்லை, அவர் பிள்ளைகளும் தப்பினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நோய் பரம்பரை இல்லை என்று அர்த்தமாகாது. நோய் உறுதியான பலருக்கும் இப்படித்தான் வருகிறது. வீட்டில் மற்றவர்களுக்கு இசிஜி, எக்கோவைத் தொடர வேண்டியதுதான். மூன்றாவது, “அர்த்தம் உறுதியாகத் தெரியாத மாற்றம்”. குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். இதை நோய் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, இதை வைத்து மற்றவர்களுக்கு இருக்கிறது இல்லை என்றும் தீர்ப்பு சொல்லக் கூடாது.

நம் ஆட்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருப்பதாக 2009-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி மையமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் சேர்ந்த வேலை அது. நூறில் நான்கு பேர் என்றால் ஒரு தெருவிலேயே பலர் இருப்பார்கள், அத்தனை பேரும் இதய நோயாளிகள் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள், இதனோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிற சிறு பகுதியினரிடம்தான் இதயத் தசையின் வேறுபாடு அதிகம் தெரிகிறது என்று காட்டின. ரிப்போர்ட்டில் இது வந்தால் இணையத்தில் தேடி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு காரணம் தேடினீர்களா என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

சொந்தக்காரர்களிடம் சொல்வது

இருப்பதிலேயே கஷ்டமான வேலை இது, எந்த டாக்டரும் உங்களுக்காகச் செய்துதர முடியாது. ஆனால் குழுவிடம் ஒரு கடிதம் கேட்கலாம்: என்ன நோய், யார் யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், என்னென்ன சோதனை, எங்கே தொடர்புகொள்வது என்று தமிழில் ஒரு பக்கம், நோயாளியின் பெயர் இல்லாமல். அது கையில் இருந்தால் பெரியப்பா பையனிடம் நீங்கள் மருத்துவம் விளக்க வேண்டியதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், ஒவ்வொருவராகப் போனில் பேசிவிட்டு அப்புறம் கடிதத்தை அனுப்புங்கள். சொல் எடுபடுகிற ஒருவர், மூத்த அக்காவோ சித்தப்பாவோ, முதலில் தன் எக்கோவை எடுத்துவிட்டுப் பேசினால் மற்றவர்கள் வருவார்கள்.

“பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம், இப்ப வேண்டாமே” என்பதை ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் கேட்கலாம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இசிஜியும் எக்கோவும் அந்தப் பெண்ணின் உயிரைப் பார்க்கிற சோதனை, அதைத் தள்ளிப்போடக் கூடாது. மரபணு சோதனையை வேண்டுமானால் அவள் நிதானமாக யோசித்து, ஆலோசகரிடம் தனியாகப் பேசி, தானே முடிவெடுக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று யாரும் இழுத்துப் போகக் கூடாது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு நோய் இருந்தால் கர்ப்பம் தரிக்கும் முன்பே குழுவிடம் சொல்ல வேண்டும், மாத்திரை மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஒரு தடவை நார்மல் என்று வந்தால் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஹைப்பர்ட்ரோபிக் குடும்பங்களில் குழந்தைகளுக்கு 1 முதல் 2 வருடத்துக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும், தசை எந்த வயதிலும் தடிக்க ஆரம்பிக்கலாம். லாங் க்யூடி, சிபிவிடி குடும்பங்களில் குழந்தைகளைச் சீக்கிரமே பார்த்துவிட வேண்டும், மாத்திரையால் தடுக்கக் கூடிய ஆபத்து என்பதால் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நோயாளியின் பர்ஸில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: நோயின் பெயர், மாத்திரைகள், குழுவின் போன் எண், கொடுக்கக் கூடாத மருந்துகள். லாங் க்யூடி என்றால் அந்தப் பட்டியல் நீளம். தொண்டை வலிக்குக் கொடுக்கிற அசித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கிற ஆன்டன்செட்ரான், பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல், வாயுத் தொல்லைக்கு மாத்திரைகளில் கலந்து வருகிற டாம்பெரிடோன், எல்லாமே மெடிக்கல் ஷாப்பில் சர்வ சாதாரணமாகக் கிடைப்பவை. கிரெடிபிள்மெட்ஸ் என்ற இணையதளத்தில் முழுப் பட்டியலும் இருக்கிறது, டாக்டர் கேட்டால் காட்டலாம். வாந்தி பேதி வந்தால் பொட்டாசியம் குறைந்து ஆபத்து கூடும், ஓஆர்எஸ்ஸோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். லாங் க்யூடியின் ஒரு வகையில் நீச்சலே தூண்டுகோல் என்பதால் கிணறு, ஏரி எதிலும் தனியாக இறங்க விடாதீர்கள். இன்னொரு வகையில் திடீர்ச் சத்தம், அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் அலாரம் வேண்டாம். ப்ருகாடா என்றால் காய்ச்சலைச் சும்மா விடக் கூடாது, உடனே பாராசிட்டமால் கொடுத்துக் குறைக்க வேண்டும், குறையாவிட்டால் இசிஜி.

தசை தடித்து அடைப்பும் இருக்கிறவர்களுக்கு நம் வீடுகளில் நல்லெண்ணத்தில் செய்கிற ஒரு காரியம் ஆபத்தாகிவிடும். நெஞ்சு வலிக்கிறது என்றதும் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சார்பிட்ரேட்டை (மாரடைப்புக்காரர்கள் வைத்திருக்கிற நெஞ்சு வலி மாத்திரை) நாக்குக்கு அடியில் வைப்பது. அடைப்பு அதிகமாகி, ரத்த அழுத்தம் சரிந்து, ஆள் விழுந்துவிடுவார். வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தண்ணீர் கூடக் குடிக்காத விரதம், வெயிலில் மணிக்கணக்கில் நிற்கிற தரிசன வரிசை, இரண்டையும் இவர்கள் தவிர்க்க வேண்டும். விளையாட்டை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம். எந்த அளவு சரி என்று குழுவிடம் பேசி முடிவெடுக்கலாம், பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

வீட்டில் குறைந்தது இரண்டு பேர் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்திச் செய்கிற முதலுதவி, கற்றுக்கொள்ளுங்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. சாவியைக் கையில் திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

பணம்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. எந்தச் சிகிச்சைக்குக் கிடைக்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருக்கிற திட்டக் கவுன்ட்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பரம்பரை நோய் என்று சொல்லி ஹைப்பர்ட்ரோபிக் நோயாளி ஒருவரின் கிளெய்மை மறுத்த வழக்கில் 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் நோயாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, புதிய பாலிசிகளில் மரபணு நோய்களை விலக்கு என்று சேர்க்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. மரபணு நோய் என்ற ஒரே காரணத்தைக் காட்டி மறுத்தால் எழுத்தில் பதில் கேளுங்கள். அதே சமயம் பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தால் அது வேறு விஷயம், அங்கே உங்களுக்குப் பிடி இல்லை.

குழுவில் மனநல ஆலோசகர் இருந்தால் கூச்சப்படாமல் பாருங்கள், குறிப்பாகப் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள். “என்கிட்ட இருந்துதானே போச்சு” என்ற எண்ணத்தை அவர்கள் யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். தனக்கு எக்கோ எடுக்க அவர்கள் மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

கடைசியாக ஒரு வேலை. உறுதி தெரியாத மாற்றம் என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மரபணுப் பிரிவுக்குப் போன் போட்டு, அதன் வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள், மாறுவது உண்டு. ஃபைலில் கொடுத்த உங்கள் மொபைல் எண் மாறியிருந்தால் அதையும் அப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள். வகை மாறினால் அவர்கள் கூப்பிடப் போவது அந்த எண்ணைத்தான்.